9,000 ரூபாயும் 69 சதவீதமும்: திண்டுக்கல்லிலிருந்து ஒரு பேரேடு

மாதம் 750 ரூபாய். 1979 ஜூலை 2 அன்று எம்.ஜி.ஆர். அரசு போட்ட ஆணை, பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைக்கு இடஒதுக்கீடு உண்டா இல்லையா என்பதை இந்தத் தொகையை வைத்துத்தான் முடிவு செய்தது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 9,000 ரூபாயைத் தாண்டினால் கிடையாது. திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் கூலிக்கு நின்றவர் வீட்டை அந்த வரம்பு தொடவில்லை. ஆனால் அந்த வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படித்து, அரசுச் சம்பளத்துக்குப் போய், சம்பாதிக்கும் பெண்ணையே மணந்தவருடைய பிள்ளை வரம்பின் விளிம்புக்கு வந்துவிட்டது. ஒரு தலைமுறை ஏறியதுமே ஏணியை எடுத்துவிடுவதாகத்தான் பலர் அதைப் பார்த்தார்கள். திமுகவும் கி. வீரமணி தலைமையில் திராவிடர் கழகமும் தெருவில் இறங்கின.

ஆணை போட்ட கட்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. 1972 அக்டோபர் 17இல் தொடங்கிய அதிமுகவை, நிலைக்கப்போகும் கட்சி என்று நாட்டுக்குக் காட்டியது 1973 மே 20 அன்று நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். இரட்டை இலையில் நின்ற கே. மாயத்தேவருக்கு ஏறக்குறைய 2.6 லட்சம் வாக்கு. பழைய காங்கிரசின் சித்தனுக்குச் சுமார் 1.19 லட்சம். மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த திமுக 93 ஆயிரத்துச் சொச்சத்தோடு மூன்றாவது இடம். 1977இல் மாயத்தேவர் மறுபடி வென்றார். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 34 அதிமுக இருந்த கூட்டணிக்குப் போயின.

பிறகு 1980 ஜனவரி மக்களவைத் தேர்தல் வந்தது. 39இல் அதிமுகவுக்குக் கிடைத்தவை கோபிச்செட்டிபாளையமும் சிவகாசியும், இரண்டே இரண்டு. திண்டுக்கல்லும் கைவிட்டுப் போனது. அங்கே வென்றவர் அதே மாயத்தேவர்தான், ஆனால் இந்த முறை உதயசூரியன் சின்னத்தில். தோல்விக்கு 9,000 ரூபாய் ஆணை ஒன்றே காரணம் என்று எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும். இந்திரா காங்கிரசும் திமுகவும் கைகோத்திருந்தன, வடக்கே ஜனதா ஆட்சி உடைந்து நாடே இந்திரா பக்கம் திரும்பியிருந்தது. இருந்தாலும் தோற்ற கட்சி தன் தோல்வியை எப்படிப் படித்தது என்பதற்கு அது அடுத்துச் செய்ததே சாட்சி. 1980 பிப்ரவரி 1 அன்று வருமான வரம்பு நீங்கியது. அதோடு பிற்படுத்தப்பட்டோர் பங்கு 31 சதவீதத்திலிருந்து 50 ஆனது. முதல் ஆணைக்கும் இரண்டாவது ஆணைக்கும் இடையே 214 நாள்.

பிப்ரவரி 17இல் ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அதிமுக 234இல் 129 இடம் பெற்றது. திண்டுக்கல் நகரத் தொகுதியும் அதிமுக அணிக்கே போனது. வென்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் என். வரதராஜன். இந்தப் பெயர் பின்னால் இன்னொரு கணக்கிலும் வரும்.

தோற்ற பிறகு கொள்கையை மாற்றியதைச் சந்தர்ப்பவாதம் என்று ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அடி வாங்கித் திருந்திய கட்சியால் கிடைத்த மருத்துவ இடமும் மருத்துவ இடம்தான். எழுத வேண்டியது வேறொன்று: கட்சியின் நிலைப்பாடு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. அதை எண்களிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் நூறு இடங்களின் கணக்கு. 1951இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 15. செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று தீர்ப்பு வந்து, சென்னை மாநிலம் கொதித்து, அதே ஆண்டு அரசியலமைப்பு முதல் முறையாகத் திருத்தப்பட்ட காலம் அது. 1954இல் அந்த 15 என்பது 16 ஆனது. 1971இல் மு. கருணாநிதி அரசு 25ஐ 31 ஆகவும், 16ஐ 18 ஆகவும் உயர்த்தியது. 1980இல் 31 என்பது 50 ஆனது. 18 அப்படியே நின்றது. 1990இல் பழங்குடியினருக்குத் தனியாக 1 சேர்ந்து, மொத்தம் 69.

ஆக, 29 ஆண்டில் ஒரு பக்கம் 25 இடம் கூடியது, மறுபக்கம் 3. பழங்குடியினருக்குத் தனி இடம் வந்ததால் ஏற்பட்ட சிறு விரிவைத் தவிர, 1971க்குப் பிறகு பட்டியல் சாதியினரின் 18 நகரவே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் 1,44,38,445 பேர், மாநில மக்களில் 20 சதவீதம். நூற்றுக்கு 2 குறைகிறது. இந்த 2க்காக ஆட்சியை இழந்த கட்சி ஒன்றுகூட இல்லை.

9,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது எம்.ஜி.ஆரின் கண்டுபிடிப்பு அல்ல. 1969இல் திமுக அரசு அமைத்த சட்டநாதன் ஆணையம் 1970இல் தந்த அறிக்கையில் இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோரில் 11 சதவீதம் மட்டுமே இருந்த 9 சாதிகள், அந்த வகுப்புக்குக் கிடைத்த மருத்துவ இடங்களில் 47 சதவீதத்தையும் கெசட்டட் பதவிகளில் 48 சதவீதத்தையும் எடுத்துக்கொண்டதை ஆணையம் கண்டது. அதற்கு இரண்டு மருந்து சொன்னது. ஒன்று, மிகவும் பின்தங்கியோரைத் தனியே பிரித்து அவர்களுக்கென்று பங்கு. மற்றொன்று, வசதியானவர்களை விலக்க வருமான வரம்பு. 1971இல் திமுக அரசு சதவீதத்தை ஏற்றியது, இரண்டு மருந்தையும் தொடவில்லை. 1979இல் அதிமுக அரசு வரம்பை மட்டும் கைக்கொண்டது. உள்பிரிவை இருவருமே விட்டார்கள். நோய் உண்மையானது. மருந்தில் சரியானது உள்பிரிவு என்பது என் தீர்மானம். பிற்படுத்தப்பட்டவரின் முதல் சம்பளத்தைத் தண்டிக்காமல், கடைசியில் நின்றவருக்கு இடம் தரும் வழி அது ஒன்றுதான்.

அந்த வழி திறக்க 1989 மார்ச் வரை ஆனது. 1987 செப்டம்பரில் தனி ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் ஒரு வாரம் சாலைகளை மறித்தது, 21 பேர் உயிரிழந்தனர். பதினெட்டே மாதத்தில், ஆட்சிக்குத் திரும்பிய திமுக 50இலிருந்து 20ஐப் பிரித்து மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை உண்டாக்கியது. பிறகு 2021 பிப்ரவரி 26: வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டு மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறிய அதே நாளில் தேர்தல் தேதியும் அறிவிக்கப்பட்டது. அவசரத்தின் விலையை 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. போதிய தரவு இல்லை என்று சட்டம் விழுந்தது.

இனி அருந்ததியர் கணக்கு. திண்டுக்கல் சமவெளியின் கிராமங்களில் துப்புரவும் தோலும் பண்ணைக் கூலியுமாக வாழ்ந்த இந்த மக்கள், பட்டியல் சாதியினரின் 18 சதவீதத்துக்குள் தங்கள் கைக்கு ஏதும் வந்து சேரவில்லை என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆதித்தமிழர் பேரவை போன்ற சிறிய அமைப்புகளின் குரல் அது. ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்கு எண்ணிக்கை அவர்களிடம் இல்லை. நிலைமையை நகர்த்தியவற்றில் ஒன்று, ஒரு கட்சியின் பார்வை மாறியது. வர்க்கம் என்றே பேசிப் பழகிய மார்க்சிஸ்ட் கட்சி, 2007இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி உருவாகத் துணைநின்றது, அருந்ததியர் உள்ஒதுக்கீட்டுக்காகச் சென்னையில் பேரணி நடத்தியது. அப்போது அதன் மாநிலச் செயலாளர் திண்டுக்கல்லின் என். வரதராஜன். 2008இல் நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் குழு அமைந்தது. 2009 பிப்ரவரியில் கருணாநிதி அரசு சட்டம் நிறைவேற்றியது. பட்டியல் சாதியினருக்கான இடங்களில் 16 சதவீதம், அதாவது நூறு இடத்தில் 2.88, பேச்சுவழக்கில் 3 என்று சொல்கிறோம். புதிய தமிழகம் கட்சியின் க. கிருஷ்ணசாமி உச்ச நீதிமன்றம் சென்றார். 2024 ஆகஸ்ட் 1 அன்று 7 நீதிபதிகள் அமர்வு 6க்கு 1 என்று உள்ஒதுக்கீட்டை ஏற்றது.

காத்திருப்பை அருகருகே வைப்போம். பிற்படுத்தப்பட்டோர் வருமான வரம்பு நீங்க 214 நாள். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு, மறியலிலிருந்து 18 மாதம். அருந்ததியருக்கு, 18 சதவீதம் வந்த 1971இலிருந்து 38 ஆண்டு. அதன் மேல் நீதிமன்றத்தில் இன்னும் 15.

இந்தக் கணக்கு எப்போதும் முன்னோக்கியே ஓடுவதுமில்லை. 1998இல் தன் முதல் மத்திய அமைச்சராக ஒரு தலித்தை, தலித் எழில்மலையை, அனுப்பிய கட்சி பாமக. 2012இல் அதன் நிறுவனர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தக் கோரினார். தேசியக் கட்சிகளோ எதிர்த்திசையில் வந்தன. 1990இல் பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசுப் பணியில் இடம் கேட்ட மண்டல் பரிந்துரைக்கு எதிராக மக்களவையில் ராஜீவ் காந்தி பேசினார். 2006இல் அதே காங்கிரஸ் தலைமையிலான அரசு மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் தந்தது. 2024 தேர்தல் அறிக்கையில் இடஒதுக்கீட்டின் 50 சதவீத உச்சவரம்பை உயர்த்துவதாக வாக்களித்தது. சாதிவாரிக் கணக்கெடுப்பு கொள்கையளவில் இல்லை என்று 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்ன பாஜக அரசு, 2025 ஏப்ரல் 30 அன்று அதற்கு ஒப்புதல் தந்தது.

அதிமுகவின் பயணம் இவற்றில் மிக நீளமானது. 1979இல் வரம்பு வைத்த கட்சி, மண்டல் வழக்குத் தீர்ப்பு 50 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றபோது, 1993 டிசம்பர் 31இல் ஜெயலலிதா ஆட்சியில் வரம்பில்லாத 69 சதவீதத்துக்குச் சட்டம் செய்தது. 1994 ஆகஸ்ட் 31 அன்று 76ஆம் திருத்தத்தால் அது ஒன்பதாம் அட்டவணைக்குள் போனது. 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்டோருக்கான 10 சதவீதத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தில் வெளிநடப்புச் செய்தது. 2022 நவம்பரில் அதே 10 சதவீதத்தை நிராகரித்த அனைத்துக் கட்சிக் கூட்டத்துக்கு அது வரவில்லை.

அந்த 10 சதவீதத்தின் வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம், மாதம் 66,666 ரூபாய். 1979இன் 750 ரூபாயோடு ஒப்பிடுங்கள். நாற்பது ஆண்டில் விலைவாசி 20 மடங்கு ஏறியது என்று வைத்துக்கொண்டாலும் 9,000 என்பது 1.8 லட்சத்தில் நிற்கும். அன்று பிற்படுத்தப்பட்டவர் வசதியானவர் ஆன இடத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் சம்பாதித்தாலும் முற்பட்டவர் இன்று நலிந்தவர்தான். இரண்டு கோடுகளையும் போட்டது ஒரே குடியரசின் அரசுகள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 21,59,775 பேர். அதில் பட்டியல் சாதியினர் 20.95 சதவீதம், ஏறத்தாழ 4.52 லட்சம். பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல், வேடசந்தூர் என 7 சட்டமன்றத் தொகுதிகள். தனித் தொகுதி நிலக்கோட்டை ஒன்றுதான். மற்ற 6 தொகுதிகளிலும் இந்த மக்களின் வாக்கு பெட்டிக்குப் போகிறது, அங்கே அவர்களை வேட்பாளராக நிறுத்த எந்தச் சட்டமும் தடையில்லை.

1931க்குப் பிறகு முதல் முறையாகச் சாதிவாரியாக எண்ணும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. எண்ண வருபவரிடம் உங்கள் வீட்டு விவரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். வாக்குக் கேட்டு வருபவர் எந்தச் சின்னத்தோடு வந்தாலும் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: 1971இல் போட்ட 18 எப்போது 20 ஆகும்? நிலக்கோட்டைக்கு வெளியே பொதுத் தொகுதியில் ஒரு தலித் வேட்பாளரை உங்கள் கட்சி எப்போது நிறுத்தும்? பதிலை ஆண்டோடு எழுதி வாங்குங்கள்.