சோற்றைக் கூட்டிக் குறைத்தால் கொழுப்பு கரையுமா, தசை வளருமா?

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது ஜிம்முக்குப் போகிறார்கள். நல்ல பழக்கம்தான். அதோடு ஒரு புதிய கணக்கும் வீட்டுக்குள் வந்திருக்கிறது. "இன்று எனக்கு லோ கார்ப் நாள், சோறு வேண்டாம்" என்கிறான் மகன். மறுநாள் அவனே இரண்டு தட்டு நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டு, "இன்று ஹை கார்ப் நாள்" என்கிறான். உலையில் எவ்வளவு அரிசி போடுவது என்று உம்மாவுக்குத் தெரியவில்லை. மகன் மெலிவதைப் பார்த்து, சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் வாப்பாவும் அதையே செய்து பார்க்கலாமா என்று யோசிக்கிறார். இந்த முறையால் யாருக்குப் பயன், யாருக்கு ஆபத்து என்பதை நாம் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

கார்ப் சைக்கிளிங் என்றால் என்ன?

கார்ப் என்பது மாவுச்சத்து. சோறு, இடியாப்பம், பரோட்டா, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பழம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உண்டு. கடினமான பயிற்சி உள்ள நாளில் இதைக் கூட்டி, ஓய்வு நாளில் குறைத்து, புரதத்தை மட்டும் எல்லா நாளும் ஒரே அளவில் வைத்துக்கொள்வதே கார்ப் சைக்கிளிங்.

இதன் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. வளர்ந்த ஒருவரின் தசைகளில் 300 முதல் 500 கிராம் வரையிலும், கல்லீரலில் சுமார் 100 கிராமும் இருக்கும். 1960களில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்களான பெர்க்ஸ்ட்ரோமும் ஹுல்ட்மனும் ஊசி வழியாகத் தசையில் சிறு துணுக்கு எடுத்து இந்த இருப்பை அளந்தார்கள். மாவுச்சத்து நிறையச் சாப்பிட்டால் தசையில் இருப்பு கூடுகிறது, இருப்பு கூடினால் சைக்கிள் மிதிக்கும் நேரமும் நீள்கிறது என்று அவர்களும் உடனிருந்தவர்களும் கண்டார்கள். பயிற்சி நாளில் சோற்றைக் கூட்டும் யோசனைக்கு அடிப்படை இதுதான்.

கொழுப்பு கரைவது எதனால்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் வாரத்தில் மூன்று நாள் 300 கிராம், நான்கு நாள் 125 கிராம் மாவுச்சத்து சாப்பிடுகிறார். மொத்தம் 1,400 கிராம். இன்னொருவர் ஏழு நாளும் 200 கிராம் சாப்பிடுகிறார். அவருக்கும் மொத்தம் 1,400 கிராம்தான். மற்ற உணவும் உழைப்பும் சமமாக இருந்தால் இருவருக்கும் கிடைக்கும் கலோரி ஒன்றே. செலவழிப்பதை விடக் குறைவாகச் சாப்பிட்டால்தான் கொழுப்பு கரையும். கூட்டிக் குறைப்பதில் தனி மந்திரம் எதுவும் இல்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் எடை குறைந்தார்கள். இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல என்பதே அதன் முடிவு.

ஆனால் இங்கிலாந்தில் 115 பெண்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மாவுச்சத்தையும் கலோரியையும் வெகுவாகக் குறைத்தவர்களுக்கு, தினமும் கொஞ்சம் குறைத்தவர்களை விடக் கொழுப்பு சற்று அதிகமாகக் கரைந்ததாகச் சொல்கிறது. தினமும் வாயைக் கட்டுவதை விட இரண்டு நாள் கட்டுவது சிலருக்கு எளிது. கார்ப் சைக்கிளிங்கால் பயன் பெறுபவர்களுக்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கலாம்.

முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தசையில் தங்குகிறது. சோற்றைக் குறைத்ததும் முதலில் போவது அந்தத் தண்ணீர். சோறு திரும்பினால் அதுவும் திரும்பும். எடை இயந்திரத்தை விட இடுப்பளவே நம்பத் தக்கது.

தசை வளர்வது எதனால்?

தசையை வளர்ப்பவை எடை தூக்கும் பயிற்சி, போதிய புரதம், போதிய உணவு, தூக்கம் ஆகியவை. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த அலசல், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் போதும் என்றது. 70 கிலோ உள்ள இளைஞருக்கு அது 112 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30 கிராம் புரதம் உண்டு. மீன், பருப்பு, பால், கொண்டைக்கடலை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இதில் மாவுச்சத்தின் பங்கு துணைப் பங்குதான். கடினமாகப் பயிற்சி செய்ய அது தெம்பு தரும். சோற்றை நாள்கணக்கு பார்த்துக் கூட்டிக் குறைத்துவிட்டு புரதத்தை மறந்தவருக்குத் தசை வளராது.

யார் செய்யக் கூடாது?

நாம் அதிகம் கவலைப்படும் இடம் இது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் இந்தியாப் ஆய்வின்படி நம் நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் திடீரென நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் கீழே இறங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். சுயநினைவோடு இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எம்பாக்ளிஃப்ளோசின், டபாக்ளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்கு வேறு ஆபத்து. மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகக் கூடும். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இது வரலாம் என்பதால், வீட்டுக் கருவி காட்டும் எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் தாமதிக்கக் கூடாது.

கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், வளரும் வயதுப் பிள்ளைகளும் இந்த முறையைத் தொட வேண்டாம்.

வீட்டில் எப்படிச் செய்யலாம்?

ஆரோக்கியமான இளைஞர் இதைச் செய்ய விரும்பினால் அவருக்கெனத் தனி அடுப்பு மூட்டத் தேவையில்லை. எல்லோருக்கும் வைத்த ஆணம், மீன், காய்கறியையே அவரும் சாப்பிடலாம். பயிற்சி நாளில் இரண்டு கிண்ணம் சோறு, ஓய்வு நாளில் ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரே சஹனில் கூடி உண்ணும் வீடுகளில் தம் பங்குச் சோற்றை மட்டும் குறைத்துக்கொண்டு அவரும் சேர்ந்தே அமரலாம்.

ஹை கார்ப் நாள் என்பது விருந்து நாளல்ல. நான்கு நாள் தினமும் 400 கலோரி குறைத்தால் 1,600 கலோரி மிச்சம். ஒரு வலீமாவில் பிரியாணியும் பொரித்த கோழியும் இனிப்பும் குளிர்பானமுமாக அளவில்லாமல் சாப்பிட்டால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி ஒரே வேளையில் போய்விடும்.

மூன்று மாதம் செய்து பாருங்கள். இடுப்பளவு குறைந்து, தூக்கும் எடையும் கூடியிருந்தால் தொடருங்கள். நாள்கணக்கு பார்ப்பதே சுமையாகத் தோன்றினால், தினமும் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, ஒரு முட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வழியிலும் அதே பலனை அடையலாம்.