வீட்டில் திருட்டா? முதலில் கையை எடுங்க!

சித்தியவானில் ஒரு குடும்பம் ஈப்போவுக்குப் போய்விட்டு இரவு வீடு திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சன்னல் கம்பி அறுபட்டிருக்கிறது, அலமாரி திறந்து கிடக்கிறது. நம்மில் பலர் உடனே என்ன செய்வோம்? "என்னென்ன போச்சு?" என்று எல்லாவற்றையும் புரட்டுவோம். சிதறியதை எடுத்து அடுக்குவோம். பிரச்சினையே அங்கேதான்.

விரலில் இருக்கும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தொட்ட இடத்தில் ரேகையாக ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி போன்ற வழவழப்பான பரப்பில் தடயவியல் போலீசார் மெல்லிய தூளைப் பிரஷ்ஷால் பூசுவார்கள். ரேகை தெரிந்ததும் படம் பிடித்து, பிறகு டேப் ஒட்டி எடுப்பார்கள். காகிதம் என்றால் நின்ஹைட்ரின் என்ற ரசாயனம். ரேகை ஊதா நிறத்தில் தெரியும். பிளாஸ்டிக் பையை மூடிய பெட்டிக்குள் வைத்து சூப்பர் குளூ ஆவியைக் காட்டுவார்கள். ரேகை வெள்ளையாகப் படியும்.

வீட்டில் இருப்பவர்களின் ரேகையையும் கேட்பார்கள். சந்தேகப்பட்டு இல்லைங்க. உங்க ரேகையைக் கழித்தால்தான் வெளியாள் ரேகை எது என்று தெரியும். பிறகு அதைப் பதிவில் உள்ள ரேகைகளோடு ஒப்பிடுவார்கள். கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்று பார்ப்பார்கள். ஒத்துப்போகக் கூடியவற்றைக் கணினி பட்டியல் போடும். முடிவு சொல்வது நிபுணர்.

சரி, ரேகை பொருந்திவிட்டால் கேஸ் முடிந்ததா? 1898-இல் தீர்ப்பான ஒரு வழக்கைப் பாருங்க. வங்காளத்தின் ஜல்பாய்குரியில் தேயிலைத் தோட்ட மேனேஜர் கொல்லப்பட்டார். அவருடைய பெட்டியில் இருந்த பஞ்சாங்கத்தில் ரத்தக் கறையோடு பெருவிரல் ரேகை. கல்கத்தா கைரேகைப் பதிவோடு ஒப்பிட்டபோது, முன்பு திருட்டுக்குச் சிறை சென்ற கங்காலி சரண் என்ற பழைய வேலைக்காரரின் ரேகை அது என்று தெரிந்தது. ஆனாலும் நீதிமன்றம் அவரைத் திருட்டுக்குத்தான் தண்டித்தது, கொலைக்கு அல்ல. பெட்டிக்குள் கைவிட்டவர் யார் என்று ரேகை சொன்னது. கொன்றவர் யார் என்று அது சொல்லவில்லை.

இன்றும் அப்படித்தான். ரேகை 'யார் தொட்டது' என்று காட்டும். 'ஏன்' என்று காட்டாது. 'எப்போது' என்பதையும் அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்வது கடினம். அதனால்தான் பொருள்கள் கிடந்த இடமும் கிடந்த விதமும் முக்கியம்.

அதனால் வெளியே வந்து 999-க்கு அழையுங்க. எதையும் துடைக்காதீங்க, கூட்டாதீங்க. தெரியாமல் எதையாவது தொட்டுவிட்டால் மறைக்க வேண்டாம். எதைத் தொட்டீங்க என்று போலீசாரிடம் சொல்லிடுங்க.