இணையம் இருக்கிறது, சிக்னல் எங்கே?

மாணவர்களே, அடுக்குமாடி வீட்டின் உள்ளறையில் கைப்பேசி சிக்னல் குறைகிறதா? கான்கிரீட் சுவரும் அதிலுள்ள இரும்புக் கம்பிகளும் வானொலி அலைகளைத் தடுக்கின்றன. இதற்குத் தீர்வாக, ரவுட்டருடன் இணைக்கும் ‘பெம்டோசெல்’ பெட்டியைச் சிலர் வைத்திருப்பார்கள். அது வெளியிலுள்ள அலையைப் பெருக்குவதில்லை. அதுவே ஒரு குட்டிக் கோபுரம். உங்கள் அழைப்பை ஒளியிழை இணையத்தின் வழியே தொலைத்தொடர்பு நிறுவனத்திற்கு அனுப்புகிறது.

இணையம் நன்றாக இருந்தும் பெட்டி இயங்கவில்லையா? ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

கம்பி: பெட்டியையும் ரவுட்டரையும் இணைக்கும் கம்பி சரியாகச் செருகப்பட்டுள்ளதா?

பாதை: பெட்டி, நிறுவனத்துடன் பாதுகாப்பான தனிப்பாதை ஒன்றை அமைக்கிறது. இதற்குப் பொதுவாக 500, 4500 என்ற எண்களுள்ள யுடிபி வாயில்கள் தேவை. ரவுட்டர் அவற்றை அடைத்துவிட்டால் இணையத்தளங்கள் திறக்கும். அழைப்பு மட்டும் போகாது.

நேரம்: அலைவரிசை பிசகாமல் இருக்கத் துல்லியமான நேரக்கணக்கு வேண்டும். சில பெட்டிகள் அதை ஜிபிஎஸ் துணைக்கோள்களிடமிருந்து பெறுகின்றன. அத்தகைய பெட்டியைச் சன்னலோரம் வையுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள்: மின்சாரம் தடைபட்டால் ரவுட்டரும் பெட்டியும் சேர்ந்தே நின்றுவிடும். அவசரத்தில் 999-ஐ அழைக்க, வெளிச் சிக்னல் எட்டும் இடம் வீட்டில் எது என்று இன்றே பார்த்து வையுங்கள்.