சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து தொடங்குங்கள்

சொந்தமாக ஒரு கேமிங் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்யப் புறப்படும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்? அரூரிலோ பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ இருப்பவர்கள் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கம்ப்யூட்டர் வைக்கப்போகும் மூலையில் இருக்கும் பிளக் பாயிண்டை முதலில் பார்க்க வேண்டும். மூன்றாவது துளையில் உண்மையிலேயே எர்த் வருகிறதா? சாயங்காலம் தெருவெல்லாம் விளக்குப் போட்ட பிறகு வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது? பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் ஃபேன் வேகம் குறைகிறதா? ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் பதில் கிடைத்துவிடும். மீதிப் பணத்தை எங்கே போடுவது என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் தூரம். தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் உதிரிபாகம் என்றாலே அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருதான் நினைவுக்கு வரும். தர்மபுரியிலிருந்து அது சுமார் 300 கிலோமீட்டர். நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது பெங்களூரு எஸ்.பி. ரோடு. ஓசூர் வழியாக நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர், காலையில் பஸ் ஏறினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். ஆன்லைனில் வாங்கினால் அந்த அலைச்சலும் இல்லை. ஆனால் ஒரு பாகம் பழுதானால் அதன் சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் பெருநகரத்தில்தான் இருக்கும். பார்சல் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். ஆகவே இங்கே பட்ஜெட் போடும் கணக்கே வேறு. எது கெட்டால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகுமோ, எதைப் பின்னால் கழற்றி மாற்றுவது கஷ்டமோ, அதில் கஞ்சத்தனம் கூடாது. பின்னால் சேர்த்துக்கொள்ளக்கூடியதில் தாராளமாகப் பொறுத்திருக்கலாம்.

அப்படிப் பார்த்தால் முதல் இடம், எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு. கேபினட்டோடு சேர்த்தே ஒன்றைக் கொடுத்து, ‘450 வாட்ஸ்ங்க, எல்லாம் தாங்கும்’ என்பார் கடைக்காரர். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கரண்ட் இழுப்பது 12 வோல்ட் வரிசையிலிருந்து. அந்த வரிசைக்கு நேரே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட்ஸ். நம் கார்டுக்கும் ப்ராசசருக்கும் கிடைக்கப்போவது அவ்வளவுதான், பெட்டியில் எந்த எண்ணை அச்சடித்திருந்தாலும் சரி. பெயர் உள்ள நிறுவனத்தின் நல்ல 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இதே பெருக்கல் 500 வாட்ஸுக்கு மேல் வரும். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரையைப் பார்ப்பதும் நல்லதே. ஆனால் எவ்வளவு மின்சாரம் சூடாகி வீணாகாமல் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றுகளைப் பற்றி அது பேசாது. நம் ஊருக்கு அதைவிட முக்கியமான வரி அதே லேபிளில் ‘இன்புட்’ என்ற இடத்தில் இருக்கிறது. 100–240 வோல்ட் என்று இருந்தால், சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கினாலும் அது அசராது. தனியாக ஸ்டெபிலைசர் தேவைப்படாது. 200–240 என்று இருந்தால் கிராமத்து லைனுக்கு அது சரிப்பட்டு வராது.

எர்த் இல்லாத வீட்டில் எவ்வளவு நல்ல எஸ்.எம்.பி.எஸ். போட்டாலும் கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். உள்ளே இருக்கும் ஃபில்டர் கசியவிடும் சிறு மின்சாரம் இறங்கிப்போக வழியில்லாமல் தகட்டில் நிற்பதுதான் காரணம். பழைய வயரிங் உள்ள வீடுகளில் இது சாதாரணம். வண்ண விளக்கு எரியும் ஃபேன்களுக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து முதலில் எர்த் போடுங்கள். வீட்டில் நடமாடும் எல்லோருக்கும் அது பாதுகாப்பு.

யு.பி.எஸ். பற்றியும் ஒரு கணக்கு. கடைகளில் அதிகம் விற்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட்ஸ்தான் தாங்கும். விளையாடும்போது 250 வாட்ஸ் இழுக்கும் சிஸ்டமும் ஒரு மானிட்டரும் அதில் அடங்கும், அதுவும் கரண்ட் போனபின் சேவ் செய்து அணைக்க வேண்டிய சில நிமிடங்களுக்கு. மின் கட்டணத்தையும் இப்போதே யோசித்துவிடலாம். 250 வாட்ஸில் தினம் 3 மணி நேரம், 60 நாள் ஓட்டினால் 45 யூனிட். இரண்டு மாதத்துக்கு வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் கிட்டத்தட்டப் பாதியை அது தின்றுவிடும். அப்பாவிடம் அனுமதி கேட்கும் முன் இந்த எண் கையில் இருக்கட்டும்.

இனி பாகங்களுக்கு வருவோம். மானிட்டரையும் சேர்த்து 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி.யாகவே அதில் 9,000-க்கு மேல் போய்விடும். மிச்சத்தில் கிராபிக்ஸ் கார்டைத் தீர்மானிப்பது மானிட்டர். 1920-க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560-க்கு 1440 திரையில் 36.9 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு நிரப்ப வேண்டியது அவ்வளவையும். முதல் கம்ப்யூட்டருக்கு 1080 போதும், தயக்கமே வேண்டாம். அந்தத் திரைக்கு 2021 அக்டோபரில் வந்த ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6600 போன்ற 8 ஜி.பி. கார்டு இன்றும் மரியாதையாக ஓடும். 132 வாட்ஸ்தான் கேட்கும். 4 ஜி.பி. கார்டை மட்டும் புதிதாக வாங்காதீர்கள். புதிய கேம்களுக்கு அந்த இடம் போதவில்லை.

என்ன விளையாடப் போகிறீர்கள் என்பதையும் உண்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். வாலரண்ட், ஜி.டி.ஏ. 5 இரண்டோடு சரி என்றால் கார்டே இல்லாமலும் தொடங்கலாம். 2021-இல் வந்த ரைசன் 5 5600ஜி ப்ராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. செட்டிங்கைக் குறைத்துவைத்தால் இரண்டும் விளையாடும்படி ஓடும். ஒரே நிபந்தனை, ராம் ஒற்றை 16 ஜி.பி.யாக இல்லாமல் இரண்டு 8 ஜி.பி.யாக இருக்க வேண்டும். உள்கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. இரண்டு குச்சிகள் இருந்தால் இரண்டு வழியிலும் தரவு வரும். அடுத்த வருஷம் பணம் சேர்ந்ததும் கார்டை வாங்கிச் செருகிக்கொள்ளலாம்.

இன்டெல் பக்கம் போகிறவர்கள் ‘எஃப்’ என்ற ஒற்றை எழுத்தைக் கவனியுங்கள். ஐ5 12400-க்கும் 12400எஃப்-க்கும் வேகத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எஃப் விலை குறைவு, ஏனென்றால் அதில் உள்கிராபிக்ஸ் கிடையாது. நகரத்துக்காரர்கள் எல்லோரும் எஃப் வாங்கச் சொல்வார்கள். நான் நம் மாவட்டத்துக்கு அதைச் சொல்ல மாட்டேன். கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால் எஃப் ப்ராசசர் உள்ள கம்ப்யூட்டரில் திரையே வராது. கூடுதல் பணம் கொடுத்து எஃப் இல்லாததை வாங்கியவர், அந்த வாரங்களில் விளையாடாவிட்டாலும் புராஜெக்ட் முடித்துக் கொடுப்பார். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமாகப் பதிவானது நம் தர்மபுரி, 68.5 சதவீதம். இங்கே ஒரு வீட்டுக்குள் நல்ல கம்ப்யூட்டர் வருவது சின்ன விஷயமில்லை. அண்ணன் விளையாடி எழுந்ததும் தங்கை அதில் புரோகிராம் எழுதலாம், முப்பரிமாண வடிவம் வரையலாம். கேமிங் கார்டு என்று வீட்டில் முகம் சுளிப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

இப்போது எல்லோர் கணக்கையும் குலைத்துவைத்திருப்பது ராம் விலை. 2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளத் தொடங்கின. சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்று உலகின் பெரும்பகுதி உற்பத்தி மூன்று நிறுவனங்களின் கையில் இருப்பதால் கடை விலை தாவியது. அந்த டிசம்பரில் மைக்ரான், சில்லறைக் கடைகளில் நாம் பார்த்துப் பழகிய ‘குரூஷியல்’ வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. எஸ்.எஸ்.டி.யும் அதே சிப் தொழிலின் பிள்ளைதான், விலை அதற்கும் ஏறியது. ஆகவே 32 ஜி.பி. ஆசையை விடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு 8 ஜி.பி. போட்டு, மற்ற இரண்டைக் காலியாக வைத்திருங்கள். எஸ்.எஸ்.டி.க்கும் அப்படியே: இரண்டு எம்.2 இடம் உள்ள போர்டாகப் பார்த்து, இப்போதைக்கு 500 ஜி.பி. போதும் என்று நிறுத்தலாம். ஜி.டி.ஏ. 5 ஒன்றே 100 ஜி.பி.யைப் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த ராம் விலையால்தான், 2016-இல் பிறந்த, டி.டி.ஆர்.4 ராம் ஏற்கும் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. 2022-இல் வந்த ஏ.எம்.5-இல் பின்னால் புதிய ப்ராசசர் போட வழி உண்டு, ஆனால் அது டி.டி.ஆர்.5 ராமை மட்டுமே ஏற்கும். ஏற்கெனவே வீட்டிலோ நண்பரிடமோ டி.டி.ஆர்.4 ராம் இருந்தால் ஏ.எம்.4-ஐயே எடுங்கள். ராமும் புதிதாகத்தான் வாங்க வேண்டும், பட்ஜெட்டும் இடம் கொடுக்கிறது என்றால் ஏ.எம்.5. நடுவில் நின்று குழம்புகிறவர்கள் அதிகம். அவர்களுக்காகவே இவ்வளவு பட்டென்று சொல்கிறேன்.

செகண்ட்ஹேண்டில் கேபினட், மானிட்டர், ப்ராசசர் வாங்கலாம். ப்ராசசர் லேசில் கெடாது. கார்டு என்றால் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் அரை மணி நேரம் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். 2022 செப்டம்பர் 15-இல் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் நின்றபோது, ராப்பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன, இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் செகண்ட்ஹேண்டில் தொடவே வேண்டாம். புதிதாக வாங்கும் எதற்கும் பில்லில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். பில் இல்லாமல் ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் அந்த ஆயிரத்தை மிச்சம் பிடித்தால், வாரண்டி கேட்டுப் போகும் நாளில் நிற்க இடம் இருக்காது.

எல்லாம் வந்து சேர்ந்ததும் நேராக கேபினட்டில் மாட்டிவிடாதீர்கள். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே போர்டை வைத்து ப்ராசசர், கூலர், ராம், கார்டு, எஸ்.எம்.பி.எஸ். இணைத்து ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அதில் செருகுங்கள், போர்டில் அல்ல. திரையில் பயாஸ் வந்ததும் ராம் வேகத்தைப் பாருங்கள். 3200 என்று வாங்கியது 2133 என்றோ 2666 என்றோ காட்டினால் பதற வேண்டாம், பாகம் நன்றாகத்தான் இருக்கிறது. எக்ஸ்.எம்.பி. என்று இருப்பதை ஆன் செய்து சேவ் கொடுங்கள். அடுத்த முறை ஆன் ஆகும்போது காசு கொடுத்த வேகம் முழுதாக வந்திருக்கும். அதன் பிறகு ஸ்குரூ டிரைவரை எடுக்கலாம்.