சங்கம் சொன்னதும் சொல்லாததும்

காரைக்கால் என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? அம்மையாரின் மாங்கனித் திருவிழா. சனிப் பெயர்ச்சி நெருங்கினால் திருநள்ளாறு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட பழைய கதை. ஆனால் நாகூர் போகும் வழியில், திருமலைராயன்பட்டினம் தாண்டி வாஞ்சூர்ப் பக்கம் போனால், அங்கே வேறொரு காரைக்கால் இருக்கிறது. கெம்பிளாஸ்ட் சன்மார் நிறுவனத்தின் ரசாயன ஆலை இருக்கும் இடம் அது.

உப்புக் கரைசலில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கின்றன. குளோரினோடு எத்திலீன் சேர்ந்தால் எத்திலீன் டைகுளோரைடு. அதிலிருந்து வினைல் குளோரைடு என்ற வாயு. அந்த வாயுவிலிருந்து பி.வி.ஸி!

"இந்த ரசாயனப் பாடம் நமக்கு எதற்கு?" என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். துணி துவைக்கும் சோப்புக்கு வேண்டியது காஸ்டிக் சோடா. வீட்டுத் தண்ணீர்க் குழாயும், மின்சாரக் கம்பியின் மேலுறையும் பி.வி.ஸி.

இவற்றைச் செய்யும் இடத்தில் எது அபாயம், எவ்வளவு அபாயம் என்று யார் சொல்வது? சர்க்கார் சட்டம் போடுகிறது. ஆனால் ஆராய்ச்சிக்குப் பணம் தருவதும், சட்டம் எழுதும்போது பக்கத்தில் அமர்ந்து யோசனை சொல்வதும் பெரும்பாலும் ஆலைக்காரர்களின் சங்கங்களே. இது நல்லதா, கெட்டதா? இரண்டுக்கும் கதை உண்டு.

கூந்தலில் வந்த விஷம்

அமெரிக்கப் பெண்கள் கொண்டை கலையாமலிருக்கத் தலையில் பீய்ச்சிக்கொண்ட 'ஹேர் ஸ்பிரே' சிலவற்றில், திரவத்தை உந்தித் தள்ள வினைல் குளோரைடு வாயுவைச் சேர்த்திருந்தார்கள். ஆலைக்குள் பத்து லட்சம் பங்கு காற்றில் 500 பங்கு வரை அந்த வாயு இருக்கலாம் என்பது அன்றைய அனுமதி.

ஐரோப்பியக் கம்பெனிகள் செலவு செய்ய, இத்தாலியில் மால்டோனி என்ற விஞ்ஞானி எலிகளை வைத்து ஆராய்ந்தார். அந்த அளவில் பாதியான 250 பங்கிலேயே எலிகளுக்கு ஈரலில் அபூர்வமான புற்றுநோய் கண்டது! அமெரிக்க ரசாயன உற்பத்தியாளர் சங்கத்துக்கு இது தெரியும். ஆனால் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தது. 1973-ல் சர்க்கார் ஆராய்ச்சி அதிகாரிகளைச் சந்தித்தபோதும் அந்த எலிகளைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

1974 ஜனவரியில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகர ஆலைத் தொழிலாளிகள் சிலர் அதே நோயில் இறந்தது அம்பலமாயிற்று. அதே ஆண்டு ஹேர் ஸ்பிரேயில் அந்த வாயு தடை செய்யப்பட்டது. தொழிலாளர் பாதுகாப்புத் துறை, 500 பங்கை ஒரே பங்காகக் குறைத்தது. "தொழிலே அழிந்து போகும்!" என்று தொழில்துறையார் அலறினார்கள். அழிந்ததா? இல்லை. வாயு கசியாமல் தடுக்கும் முறைகள் வந்தன; பி.வி.ஸி. இன்றும் இருக்கிறது.

நம் நாட்டுச் சங்கம்

இந்தியாவில் 1938-ல் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் போன்ற பெரியோர் முன்னின்று தொடங்கிய ரசாயன உற்பத்தியாளர் சங்கம், இன்று இந்தியன் கெமிக்கல் கவுன்சில் என்ற பெயரில் இயங்குகிறது.

1984 டிசம்பரில் போபால் நகரம் பட்ட வேதனையை மறக்க முடியுமா? அதன் பிறகு, 1985-ல் கனடா நாட்டுச் சங்கம் 'ரெஸ்பான்சிபிள் கேர்' என்ற பாதுகாப்பு உறுதிமொழியைத் தொடங்கியது. நம் கவுன்சிலும் அதை ஏற்றுக்கொண்டது. உறுதிமொழி நல்லதுதான். ஆனால் அமெரிக்காவில் இதைக் கவனித்துப் பார்த்த கிங், லெனாக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் ஒரு சங்கடமான உண்மையை வெளியிட்டார்கள். உறுதிமொழி எடுத்த கம்பெனிகள், எடுக்காதவற்றைவிட மெதுவாகத்தான் திருந்தினவாம்! மீறினால் தண்டனை இல்லை என்பதே காரணம் என்றார்கள். பிறகுதான் வெளியார் வந்து சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்கச் சங்கம் சேர்த்தது.

நல்ல கதையும் கேளுங்கள். முன்பு காஸ்டிக் சோடா ஆலைகள் பலவற்றில் பாதரசம் பயன்பட்டது. பாதரசக் கழிவு கடலில் கலந்தால் மீன் வழியே மனிதனுக்கு என்ன நேரும் என்பதை ஜப்பானில் மினமாட்டா ஊர் 1956-ல் உலகுக்குக் காட்டியது. 2003-ல் நம் சர்க்காரும் தொழில்துறையும் கலந்து பேசி, 2012-க்குள் பாதரசத்தைக் கைவிட்டு 'மெம்பரேன்' முறைக்கு மாறுவதென்று முடிவு செய்தார்கள். கெடுவும் இருந்தது, மின்சாரமும் மிச்சமாயிற்று. பெரும்பாலான ஆலைகள் மாறிவிட்டன.

கேட்கும் உரிமை

ஆலைக்கு அருகில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு ஓர் உரிமை உண்டு. அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, அவற்றைப் பெருமளவில் வைத்திருக்கும் ஆலை, விபத்து நேர்ந்தால் என்ன ஆபத்து, என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்பதைச் சுற்றியுள்ளவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆலைக்கு வெளியே மக்களைக் காக்கும் திட்டம் ஜில்லா நிர்வாகத்திடம் இருக்க வேண்டும்.

குளோரின் காற்றைவிடக் கனமானது; தாழ்வான இடத்தில் தங்கும். ஆகவே பள்ளத்தில் பதுங்காமல் மேட்டுக்கோ மாடிக்கோ, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். இதை வாஞ்சூரில் எத்தனை தாய்மார்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்? மாதர் சங்கங்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கேட்கலாமே! ஆலைக்காரர்களுக்குச் சங்கம் இருக்கும்போது, நமக்கும் இருக்கலாம் அல்லவா?

போகிறபோக்கில் ஒன்று: பிளீச்சிங் பவுடரையும் குளியலறை கழுவும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதிலிருந்து கிளம்புவதும் அதே குளோரின்தான்!