பேராக் இரயில்பாதைகளும் கால்வாய்களும்: கணினிவழி மீட்டுருவாக்கமும் தமிழர் வரலாறும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் இரப்பர்த் தோட்டத்திலிருந்தே தொடங்குவர். ஆனால், பேராக் மாநிலத்தில் இரப்பர்ப் பெருந்தோட்டங்கள் பரவுவதற்கு முன்பே தமிழரின் உழைப்பு இரயில்பாதையில் பதிந்துவிட்டது. தைப்பிங் நகரையும் போர்ட் வெல்ட் துறைமுகத்தையும் இணைத்த பாதை 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பெற்றது. ஏறத்தாழ 12.8 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதையே இன்றைய மலேசியாவில் போடப்பட்ட முதல் இரயில்பாதையாகும். இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட முன்னோடிப் படைப்பிரிவினர் அதன் கட்டுமானத்தில் ஈடுபட்டனர். அப்படையினருள் தமிழரே மிகுதி.

இன்று அப்பாதை இல்லை. போர்ட் வெல்ட் என்ற பெயரும் வழக்கொழிந்து, அவ்வூர் கோலா செப்பெத்தாங் ஆகிவிட்டது. பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை கடைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழ் எழுத்தும் இடம்பெற்றுள்ளது. ஒரு பாதை முற்றாக மறைந்த பின்னர் அதன் பெயரைத் தமிழில் தாங்கிநிற்கும் அப்பலகையே நம்மை இக்கட்டுரைக்குத் தூண்டியது.

மறைந்த பாதைகளைக் கணினித்திரையில் மீண்டும் அமைத்து, அவற்றில் வண்டியை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பைச் சிமுலேட்டர் எனப்படும் பாவனை மென்பொருள்கள் இன்று வழங்குகின்றன. பேராக்கின் பழைய பாதைகளையும் கால்வாய்களையும் இம்முறையில் மீட்டுருவாக்குவது எங்ஙனம், அதில் எழும் இடர்ப்பாடுகள் யாவை, தமிழ்த்துறையினர்க்கு இதில் என்ன பங்கு உண்டு என்னும் மூன்று வினாக்களுக்கு இக்கட்டுரை விடைகாண முயல்கிறது.

மறைந்த பாதைகள்

மீட்டுருவாக்கத்திற்குரிய கிளைப்பாதைகளாகப் பேராக்கில் மூன்றைக் குறிப்பிடலாம். முதலாவது, மேற்கூறிய தைப்பிங் – போர்ட் வெல்ட் பாதை. லாருட் பகுதியின் ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்வதே அதன் முதன்மை நோக்கம். இரண்டாவது, 1893இல் திறக்கப்பெற்ற தாப்பா ரோட் – தெலுக் ஆன்சன் பாதை. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் பேராக் ஆற்றுத் துறைமுகத்தை அடைவதற்கு இப்பாதை வழிவகுத்தது. தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மூன்றாவது, ஈப்போவிலிருந்து துரோனோ வரை சென்ற பாதை. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அமைந்த இப்பாதை, ஈப்போ நகரைச் சுற்றியிருந்த ஈயலம்பங்களுக்கும் சிற்றூர்களுக்கும் புறநகர்ப் பாதையாகப் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் இதன் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்தனர். அதே காலப்பகுதியில்தான் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரவர் 415 கிலோமீட்டர் நீளமுடைய சயாம் – பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும்.

முதன்மைப் பாதையிலும் மறைந்த பகுதிகள் உள. தைப்பிங்கிற்கும் பாடாங் ரெங்காசுக்கும் இடையே புக்கிட் பெராப்பிட் மலையைக் கடந்த பழைய பாதை, வளைவுகளும் சுரங்கவழிகளும் நிறைந்தது. மின்மயமாக்கப்பட்ட இரட்டைத் தண்டவாளத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 3.3 கிலோமீட்டர் நீளமுடைய புதிய சுரங்கவழி அமைந்தபின் பழைய பாதை கைவிடப்பட்டது. ஈப்போ வரையிலான மின்தொடர்வண்டிச் சேவை 2010இல் தொடங்கியது. ஹப்பக் வடிவமைத்த ஈப்போ நிலையக் கட்டடம் நிலைத்திருப்பினும், அதனைச் சூழ்ந்திருந்த நீராவிக்கால உலகம் மறைந்துவிட்டது.

இவற்றோடு தோட்டங்களின் உள்ளே ஓடிய சிறுபாதைகளையும் சேர்த்தெண்ண வேண்டும். கீழ்ப்பேராக்கின் தாழ்நிலத் தோட்டங்கள் வடிகால்களாலும் வரப்பணைகளாலும் கடல்நீரினின்று காக்கப்பட்டவை. மண்சாலை தாங்காத இந்நிலத்தில் விளைபொருளை ஏற்றிச்செல்லக் குறுகிய தண்டவாளங்கள் போடப்பட்டன. தெலுக் இந்தானை அடுத்த ஜெண்டராத்தா தோட்டத்தின் சிறுபாதை இதற்குத் தக்க சான்றாகும்.

மென்பொருள் இயங்கும் முறை

2001ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் டிரெயின் சிமுலேட்டர், ஆஸ்திரேலியாவின் ஆரன் நிறுவனம் உருவாக்கிய டிரெயின்ஸ் ஆகிய இரண்டும் வெளிவந்தன. பயனரே தமக்கு வேண்டிய பாதையை அமைத்துக்கொள்ள இவை இடமளித்தமையால், உலகின் பல பகுதிகளிலும் மூடப்பட்ட பாதைகளை ஆர்வலர் மீட்டுருவாக்கத் தொடங்கினர். பின்னர் வந்த ஓப்பன் ரெயில்ஸ், ஓப்பன்பிவிஇ ஆகியன கட்டணமின்றிக் கிடைப்பவை. ஆதலின் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் இவையே ஏற்றவை எனலாம்.

மீட்டுருவாக்கப் பணி ஐந்து படிநிலைகளைக் கொண்டது. முதற்கண், பழைய நிலஅளவைப் படத்தை இன்றைய படத்தின்மீது பொருத்த வேண்டும். இரண்டு படங்களிலும் மாறாதிருக்கும் பாலம், கோயில், சாலைச்சந்தி போன்றவற்றை அடையாளப் புள்ளிகளாகக் கொண்டு இது செய்யப்படும். அடுத்து, நிலத்தின் ஏற்றத்தாழ்வு உருவாக்கப்படும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் கதிர்வீச்சலை கொண்டு அளந்த நிலஉயரத் தரவுகள் இதற்குப் பெரிதும் உதவுகின்றன. மூன்றாவதாகத் தண்டவாளமும், நான்காவதாகக் கட்டடம், மரம், பாலம் முதலிய முப்பரிமாண உருவங்களும் அமைக்கப்படும். இறுதியில் கால அட்டவணை, கைகாட்டி, ஒலி ஆகியன சேர்க்கப்படும்.

ஓப்பன்பிவிஇயில் ஒரு பாதை என்பது எளிய எழுத்துக்கோப்பேயாகும். தொடக்கத்திலிருந்து இத்தனை மீட்டரில் வளைவு, இத்தனை மீட்டரில் நிலையம், வலப்பக்கம் இத்தனை மீட்டர் தள்ளி ஒரு மரம் என வரிவரியாக எழுதிச் செல்லலாம். தண்டவாள இடைவெளியையும் எண்ணால் குறிக்கலாம். இஃது இன்றியமையாதது. பல மென்பொருள்கள் 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதையையே இயல்பாகக் கொள்கின்றன. மலாயாவின் பாதையோ 1,000 மில்லிமீட்டர் அகலமுடையது. இதனைத் திருத்தாது விட்டால், வண்டி, பாலம், நிலைய மேடை ஆகிய அனைத்தின் அளவும் பிறழ்ந்துவிடும்.

தரவுகளை அப்படியே நம்புவதும் தவறாகும். விண்ணோடம் அளந்தது 2000ஆம் ஆண்டின் நிலத்தை. 1908இன் நிலத்தை அன்று. அடர்ந்த மரங்கள் உள்ள இடத்தில் அந்த அளவு மரங்களின் உயரத்தையும் உள்ளடக்கியிருக்கும். கிந்தாப் பள்ளத்தாக்கிலோ ஈயக்கப்பல்கள் நிலத்தையே புரட்டிப்போட்டுக் குட்டைகளை உண்டாக்கிவிட்டன. ஈப்போ – துரோனோ பாதையை அமைக்க முற்படுவோர் முதலில் அக்குட்டைகளைத் தூர்த்து, சுரங்கம் தோண்டப்படாத நிலத்தைக் கற்பித்துக்கொள்ள வேண்டும். ஆக, திரையில் தோன்றும் நிலமும் ஒரு வரலாற்று விளக்கமே என்பது பெறப்படும்.

நீரும் கால்வாயும்

பேராக்கில் இரயில்பாதையும் நீர்ப்பணியும் ஒன்றையொன்று ஒட்டி வளர்ந்தன. கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906இல் நிறைவுற்றது. குராவ் ஆற்றைத் தடுத்து உருவாக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாய்கள் வழியாக நெல்வயல்களுக்கு நீர் செல்கிறது. அந்நீர்த்தேக்கத்தை ஊடறுத்தே இரயில்பாதையும் செல்கிறது. இருபுறமும் நீர்விரிந்து கிடக்க வண்டி நடுவே ஓடும் காட்சியை அவ்வழிப் பயணம் செய்தோர் மறவார். அடுத்துள்ள பாகான் செராய் வட்டாரத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழ்க் குடியேற்றம் ஏற்பட்டிருந்தது.

ஆயினும், பாவனை மென்பொருளுக்கு நீர் கடினமான பொருளாகும். மைக்ரோசாப்ட் மென்பொருளிலும் அதன் வழிவந்த ஓப்பன் ரெயில்சிலும் நிலம் 2,048 மீட்டர் பக்கமுடைய சதுரங்களாகப் பகுக்கப்படுகிறது. நீர்மட்டமும் அச்சதுரத்திற்கே வரையறுக்கப்படுகிறது. புக்கிட் மேரா போன்ற ஏரிக்கு இது பொருந்தும். வயலைவிட உயர்ந்த மட்டத்தில் கரைகளுக்கிடையே ஓடும் பாசனக் கால்வாய்க்குப் பொருந்தாது. அவ்விடங்களில் நீரின் தோற்றமுடைய தட்டையான உருவத்தைத் தனியே செய்து கால்வாயினுள் பதிக்க வேண்டும். போர்ட் வெல்டிலோ கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கும். மென்பொருளில் ஒரு மட்டத்தை மட்டுமே தேர்ந்துகொள்ளலாம். சதுப்புமரங்களின் வேர்கள் தெரியும் வற்றுநீர்ப் பொழுதா, படகுகள் மேடையை ஒட்டி நிற்கும் பெருக்குநீர்ப் பொழுதா என்பதை உருவாக்குபவரே முடிவுசெய்ய வேண்டும்.

ஆளில்லாப் பாதை

தொழில்நுட்ப இடர்களைக் காட்டிலும் பெரிய குறை ஒன்று உண்டு. இம்மென்பொருள்கள் பயனரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்துகின்றன. எனவே எந்திரமும் கைகாட்டியும் மிக நுட்பமாக அமைகின்றன. மனிதர் மேடையில் அசையாது நிற்கும் பொம்மைகளாகின்றனர். ஆனால் பாதையை நாள்தோறும் ஓடத்தக்கதாக வைத்திருந்தவர், சம்மட்டியும் கடப்பாரையும் ஏந்தித் தண்டவாளத்தோடு நடந்த தமிழ்த் தொழிலாளர். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் இலங்கைத் தமிழர் பலர் பணியாற்றினர். ஒரே மொழி பேசிய இவ்விரு சாராரின் வாழிடமும் வாழ்நிலையும் வேறுவேறு. நிலையத்தை மட்டும் அமைத்து லயத்தை விட்டுவிட்டால் அவ்வேறுபாடு திரையில் மறைந்துபோகும்.

இங்கு ஒரு நிகழ்ச்சி கருதத்தக்கது. 1894 செப்டம்பர் 17ஆம் நாள் தெலுக் ஆன்சன் பாதையில் காட்டு யானையொன்று தன் கூட்டத்தைக் காக்க இரயிலை எதிர்த்து மோதித் தடம்புரளச் செய்து மாண்டது. அதன் நினைவைக் கூறும் பலகை தெலுக் இந்தான் அருகே உள்ளது. மீட்டுருவாக்கம் செய்வோர் எவரும் அந்த யானையை விட்டுவிட மாட்டார்கள். அஃது அவ்வளவு சுவையான செய்தி. ஆனால் அதே பாதையில் காடு வெட்டி, மண் சுமந்து, காய்ச்சலில் மடிந்த கூலிகளின் பெயரைக் கூறும் பலகையை நாம் எங்கும் கண்டதில்லை. கல்லிலும் பலகையிலும் இடம்பெறாதவர் கணினியிலும் இடம்பெறாது போவாராயின், புதிய கருவியும் பழைய மறதியையே தொடர்வதாக முடியும்.

தமிழ்த்துறையினரின் பங்கு

இக்குறையை நிறைவு செய்யும் பொறுப்பு தமிழ்த்துறைக்கு உண்டு. நாம் முன்வைப்பவை மூன்று.

ஒன்று, சொல்தொகுப்பு. கம்பிச்சடக்கு, லயம், ஈயலம்பம், கித்தாக்காடு, பெரட்டுக்களம், கிராணி, தண்டல் முதலிய சொற்கள் மலாயாத் தமிழரின் வாழ்வில் வழங்கியவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் வரும் நிலையில், இச்சொற்களை இயல்பாக ஆளும் முதியோர் அருகி வருகின்றனர். பாதையின் ஒவ்வொரு பகுதியையும் திரையில் காட்டி, “ஐயா, இந்த இடத்தை என்ன சொல்லி அழைப்பீர்கள்?” என்று கேட்கும்போது, வெறும் வினாநிரலால் கிடைக்காத சொற்களும் வெளிவரும். சொல் கிடைக்கும்போது அதனோடு பிணைந்த நினைவும் உடன்வரும்.

இரண்டு, சான்றுத் தகுதியைப் பாகுபடுத்தல். திரையில் உள்ள அனைத்தும் ஒரே அளவில் உண்மைபோலத் தோன்றுவது இக்கருவியின் ஆற்றல். அதுவே அதன் தீங்குமாகும். ஆதலின் ஆவணத்தால் உறுதிப்பட்டவை, வாய்மொழியால் அறிந்தவை, ஊகித்து அமைத்தவை என மூவகையாகப் பிரித்து ஒரு குறிப்பேட்டில் பதிவுசெய்தல் வேண்டும். சுவடிப் பதிப்பாசிரியர் பாடவேறுபாட்டைக் குறிப்பதற்கு ஒப்பானது இது. தமிழ் ஆய்வாளர்க்கு இந்நெறி புதியதன்று.

மூன்று, சிறிதாகத் தொடங்குதல். தைப்பிங் – போர்ட் வெல்ட் பாதை நீளத்தால் சிறியது, பெரும்பாலும் சமநிலம், தொடக்கமும் முடிவும் ஐயத்திற்கிடமின்றித் தெரிந்தவை. ஓர் இடைநிலைப் பள்ளி மாணவர் குழு ஒரு தவணைக்குள் இதன் முதல் வடிவத்தை எழுதிவிடலாம். ஒரு குழு நிலஅமைப்பையும், மற்றொன்று நிலையப் பலகைகளையும், வேறொன்று முதியோர் நேர்காணலையும் மேற்கொள்ளலாம். வண்டி நிலையத்தை அணுகும்போது ஒலிக்கும் அறிவிப்பையும், இடங்களைப் பற்றிய சிறுகுறிப்புகளையும் மாணவரே தமிழில் எழுதுவராயின், வரலாறும் மொழிப்பயிற்சியும் ஒருங்கே நிகழும்.

முடிவுரை

கணினிவழி மீட்டுருவாக்கம் பழையதை அப்படியே திருப்பித் தருவதில்லை. எதை மீண்டும் நிறுத்துவது, எதை விட்டுவிடுவது என்று தேர்ந்தெடுக்குமாறு அது நம்மை வற்புறுத்துகிறது. எந்திரத்தின் சக்கர அளவை அறிந்தோர் உலகெங்கும் உள்ளனர்; அதனை அவர்கள் செம்மையாகச் செய்வர். அப்பாதையின் ஓரத்தில் நின்ற வேப்பமரத்தடிக் கோயிலுக்கும், அதற்குப் பின்னிருந்த லயத்துக்கும் மக்கள் இட்ட பெயரை அறிந்தோர் பேராக்கில் மட்டுமே உள்ளனர். அவர்களும் மூத்து வருகின்றனர். போர்ட் வெல்ட் பலகையின் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்த நாமே அவர்களிடம் சென்று கேட்கக் கடமைப்பட்டவர்கள். பாதையைத் திரையில் அமைப்பது பிறகும் இயலும். கேட்பதற்குரிய காலம் இதுவே.