பழைய ஒலிபெருக்கியும் பழகிய குரலும்

இசைத்தட்டுக்குப் புதுவாழ்வு பிறந்திருக்கும் இந்நாளிலே, அதற்கேற்ற துணையாகப் பழைய ஒலிபெருக்கிகளைத் தேடுவோர் தொகையும் பெருகிவருகின்றது. அவர்கள் முதலிற் கேட்பது பெயரை. அடுத்துக் கேட்பது விலையை. நான் இவ்விரண்டையும் கடைசிக்கு ஒதுக்கிவைப்பவன். எந்த அறைக்காக, எந்த வேலைக்காக அந்தக் கருவி ஆக்கப்பட்டது என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும்.

புகழ்பெற்ற ஒலிபெருக்கி ஒவ்வொன்றும் ஒரு தேவைக்கு விடையாகவே தோன்றியது. 1946 ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய பவுல் கிளிப்ஷ் விற்பனைக்கு விட்ட பெரிய கொம்பு ஒலிபெருக்கி, அறையின் மூலைச் சுவர்களையே தன் கொம்பின் தொடர்ச்சியாகக் கொள்வது; மூலை வாய்க்காத இடத்தில் அதன் தாழ்சுருதி மெலிந்துவிடும். 1957 இல் இங்கிலாந்தின் பீற்றர் வோக்கர் அளித்த குவாட் நிலைமின் ஒலிபெருக்கியில் கூம்பும் இல்லை, பெட்டியும் இல்லை. மெல்லிய படலமே உயர் மின்னழுத்தத்தில் நின்று அதிர்கின்றது. முன்னும் பின்னும் ஒலியெழுப்புவதாதலின் அதனைச் சுவரோடு ஒட்டி வைத்தல் தகாது. 1970களில் பி.பி.சி. பொறியியலாளர் வகுத்த எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறு பெட்டியோ, வெளிக்கள ஒலிபரப்பு ஊர்திகளின் நெருக்கத்துள்ளே ஒலியைச் சரிபார்க்கப் பிறந்தது. அதனிடம் மண்டபத்தை நிரப்பும் முழக்கத்தை எதிர்பார்ப்பது, குயிலிடம் யானையின் பிளிறலைக் கேட்பதை ஒக்கும்.

இரண்டாவதாக நோக்க வேண்டியது, அம்பிளிபயர் எனப்படும் விரியலாக்கி. ஒரு வாற்று மின்வலு கொடுத்து ஒரு மீற்றர் தொலைவில் அளந்தால், கிளிப்ஷின் கொம்பு 100 டெசிபலைத் தாண்டும், பி.பி.சி.யின் சிறு பெட்டி 82 அல்லது 83 இல் நிற்கும். மூன்று டெசிபல் கூட வேண்டின் மின்வலு இரட்டிக்க வேண்டும். 20 டெசிபல் கூட வேண்டின் நூறு மடங்காக வேண்டும். 12 அல்லது 15 வாற்றுத் தரும் பழைய வால்வு விரியலாக்கியை வைத்திருப்பவர், இக்கணக்கைப் போட்டுப் பாராமல் பணப்பையைத் திறத்தல் ஆகாது.

மூன்றாவது முதுமை. 1970களிலும் 80களிலும் வந்த பல ஒலிபெருக்கிகளிலே, கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையம் நுரைப்பஞ்சினால் ஆனது. அது காலத்தால் உதிரும். நம் நாட்டைப் போன்று வெப்பமும் ஈரமும் மிக்க இடங்களில் இன்னும் விரைந்து உதிரும். விரல்நுனி பட்டதும் தூளாகுமாயின், புது வளையம் ஒட்டும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்க. றப்பர் வளையமும் துணி வளையமும் பெரும்பாலும் நெடிது நிலைக்கும். கூம்பை இரு புறமும் சமமாக மெல்ல அழுத்தும்போது உரசும் ஓசை கேட்டால், கம்பிச்சுருள் காந்தத்தில் தட்டுகின்றதென்று அறிக. உயர்சுருதியையும் தாழ்சுருதியையும் பிரித்தனுப்பும் சுற்றிலுள்ள கொள்ளளவிகளும் அளவு மாறியிருத்தல் கூடும். குவாட் கருவியினுள் நிற்பதோ ஆயிரக்கணக்கான வோற்று. அதனைத் திறத்தல் அத்தொழில் அறிந்தார்க்கே உரியது.

சிக்கனம் வேண்டுவோர்க்கும் ஒரு வழி உண்டு. ஸ்டீரியோ எனப்படும் இருவழி ஒலிப்பதிவுத் தட்டுகள் பரவத் தொடங்கியது 1958 முதலே. அதற்கு முந்திய தட்டுகளில் உள்ளது ஒருவழி ஒலி. 78 சுழற்சித் தட்டுகளையே பெரிதும் கேட்பவருக்கு ஓர் ஒலிபெருக்கி போதும். சோடியை இழந்து தனித்து நிற்கும் நல்ல கருவியை அவர் மலிவாகப் பெறலாம். உயர்சுருதியை மட்டாகவே காட்டும் பழங்கூம்பு, அத்தட்டுகளின் இரைச்சலையும் ஓரளவு அடக்கித் தரும்.

இத்தனையும் ஒத்துவந்த பின்னரே செவிக்கு வேலை. வாவ்டேல் நிறுவனத்தைத் தொடக்கிய கில்பேட் பிறிக்ஸ், 1954 இல் இலண்டன் றோயல் பெஸ்டிவல் மண்டபத்திலே நேர் வாசிப்பையும் அதன் ஒலிப்பதிவையும் அடுத்தடுத்துக் கேட்பித்துச் சபையோரையே நீதிபதிகளாக்கினார். பி.பி.சி.யிலும் பேசுவோரின் நேர்க்குரலோடு ஒலிபெருக்கிவழி வந்த குரலை ஒப்பிட்டுப் பார்த்தனர். மனிதக் குரல் நாம் பிறந்த நாள்முதல் பழகியது. அதிற் பொய் கலந்தால் இசை கல்லாதாரும் உணர்வர். ஆதலால் நான் எப்போதும் நன்கு பழகிய குரலொன்றின் தட்டையே கொண்டுசென்று போடுவேன். குரல் மூக்கடைத்து வருகின்றதா? பெட்டிக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கின்றதா? சகரங்கள் சீறுகின்றனவா? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே மிருதங்கத்தின் தொப்பியையும் வயலினின் நுண்மையையும் கேட்பேன்.

அத்தட்டுகளிற் பாடியவர் பலர் இன்று நம்மிடையே இல்லர். அவர் விட்டுச்சென்ற குரலை உள்ளவாறு கேட்பதற்கே இவ்வளவு முயற்சியும். பெயரைப் பார்ப்பதும் விலை பேசுவதும் அதன் பின்னர்.